செக்-இன் பெட்டிக்கு எந்தக் கத்தி?

மடக்குக் கத்தி வைத்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள் விமானப் பயணத்துக்கு முன் கேட்கும் முதல் கேள்வி, "செக்-இன் லக்கேஜில் கத்தி போடலாமா?" என்பதுதான். போடலாம். சிக்கல் கேபினுக்குள்தான். சரக்கறையில் போகும் பெட்டிக்குள் சாதாரண மடக்குக் கத்தி ஒன்று இருப்பதை விமான நிறுவனங்கள் பொதுவாகப் பொருட்படுத்துவதில்லை. கூர்மையான பொருளை உறையிட்டோ நன்றாகச் சுற்றியோ வையுங்கள் என்பதோடு விட்டுவிடுகிறார்கள். முதல் கேள்வி அதோடு முடிந்தது. எனக்குப் பிடித்தது அடுத்த கேள்வி: இருக்கிற கத்திகளில் எதைப் போடுவது?

கத்திப் பிரியர்களைக் கேட்டால் தங்களிடம் உள்ளதிலேயே உயர்ந்ததைக் காட்டுவார்கள். நல்ல எஃகு, திறந்த அலகு மடங்காமல் பூட்டிப் பிடிக்கும் உறுதியான லாக், கட்டைவிரலால் தள்ளினால் திறந்துகொள்ளும் வசதி. உள்ளூரில் நானும் அப்படித்தான் தேர்ந்தெடுப்பேன். பயணம் என்று வந்துவிட்டால் அந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கிறேன். விமானத்தில் கத்தி சும்மாதான் கிடக்கிறது. அது வேலை பார்க்கப் போவது இறங்கிய ஊரில். அந்த ஊர்த் தெருவில் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடக்கலாமா? வழியில் காணாமல் போனால் மனசு தாங்குமா? இந்த இரண்டையும் கேட்டுப் பார்த்தால் இழுப்பறையில் இருக்கும் கத்திகளில் பாதி தாமாகவே விலகிக்கொள்ளும்.

கேபினைப் பற்றிய பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். 2001 செப்டம்பருக்கு முன்னால் அமெரிக்க விமானங்களில் 4 அங்குலத்துக்குக் குறைவான அலகுள்ள கத்தியைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஏறலாம். இன்றைக்கு நினைத்தால் வேறு உலகம் மாதிரி இருக்கிறது. 2013 மார்ச்சில் அங்குள்ள போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான டி.எஸ்.ஏ. 6 சென்டிமீட்டருக்கு உட்பட்ட சிறு கத்திகளை மறுபடி அனுமதிக்கப் போவதாக அறிவித்தது. விமானப் பணியாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். ஜூன் மாதத்தில் திட்டமே கைவிடப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியில் இன்றும் 6 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அலகுதான் தடைப் பட்டியலில் இருக்கிறது. கனடாவும் 2017 நவம்பர் முதல், அமெரிக்காவுக்குப் போகாத விமானங்களில், அதே அளவை ஏற்றுக்கொண்டது. படிக்கும்போது ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஸ்கேனர் முன்னால் நிற்பவர் முடிவே இறுதி. போகும்போது விட்ட கத்தியைத் திரும்பி வரும் விமான நிலையம் விட வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. அங்கே நின்று விதி எண் சொல்லி வாதாடும் ஆசை எனக்கு இல்லை. கத்தி என்றால் செக்-இன், அவ்வளவுதான்.

சரி, இறங்கிய ஊருக்கு வருவோம். பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் விடுவது இதைத்தான். பெட்டி பெல்ட்டில் வந்துவிட்டது, சுங்கத்தைத் தாண்டியாகிவிட்டது, ஓட்டல் அறையில் கத்தியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே கிளம்புகிறார்கள். அந்த நொடியிலிருந்து விமானச் சட்டத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. அந்த நாட்டு ஆயுதச் சட்டம் தொடங்கிவிடுகிறது.

பிரிட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 1988-ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டப்படி, வெட்டும் முனை 3 அங்குலத்துக்கு, அதாவது 7.62 சென்டிமீட்டருக்கு மேல் போகாத மடக்குக் கத்தியைக் காரணம் எதுவும் சொல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம். அதே நீளத்தில், திறந்ததும் பூட்டிக்கொள்ளும் கத்தி இருந்தால் இந்தச் சலுகை கிடையாது. லாக் உள்ள கத்தி சட்டத்தின் பார்வையில் மடக்குக் கத்தியே இல்லை என்று அங்கே நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதை வெளியே கொண்டுபோகத் தகுந்த காரணம் வேண்டும். தற்காப்புக்கு என்று சொன்னால் அது காரணமாகாது. சொல்கிறவருக்கே அது பாதகமாக முடியும்.

ஜெர்மனியில் கணக்கு வேறு. மடக்குக் கத்தியின் நீளத்தைவிட அது எப்படித் திறக்கிறது என்பதுதான் அங்கே பெரிய விஷயம். ஒரே கையால் திறந்து, திறந்த நிலையில் பூட்டிக்கொள்ளும் கத்தியைத் தக்க காரணமில்லாமல் வெளியே எடுத்துச் செல்லக் கூடாது. 2024-ல் விதிகள் இன்னும் இறுகின. பொது விழாக்களில் கத்திக்கே தடை வந்துவிட்டது. ஜப்பானில் 6 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அலகை நியாயமான காரணமின்றிக் கொண்டுபோவது குற்றம். பூட்டிக்கொள்ளாத மெல்லிய மடக்குக் கத்திக்கு 8 சென்டிமீட்டர் வரை ஒரு விலக்கு உண்டு. ஆனால் அதைவிடச் சின்னக் கத்தியைக்கூட மறைத்து வைத்திருந்தால், 1948-லிருந்து இருக்கும் சிறு குற்றச் சட்டம் பாயலாம். போலீஸ்காரர் பையைத் திறக்கச் சொல்லும்போது "எப்போதும் வைத்திருப்பேன், பழக்கம்" என்ற பதில் அங்கே எடுபடாது.

இதெல்லாம் தெருவில் நடக்கும் கதை. சில கத்திகள் தெரு வரைக்கும்கூட வராது. பட்டனை அழுத்தினால் பாய்ந்து திறப்பவை, மணிக்கட்டை உதறினால் திறப்பவை, இரண்டு பிடிகளுக்கு நடுவே சுழலும் பட்டர்ஃபிளை வகை ஆகியவற்றை ஆஸ்திரேலியா, கனடா போன்ற நாடுகளின் சுங்கத்தில் எல்லையிலேயே எடுத்துக்கொள்வார்கள். பிரிட்டனில் 2021 முதல் பட்டன் கத்தியை வீட்டுக்குள் வைத்திருப்பதே குற்றம். விமான நிறுவனம் பெட்டியை ஏற்றிக்கொண்டது என்பதை இறங்கும் நாட்டில் யாரும் சாட்சியாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். புறப்படும் கவுண்டரில் இருப்பவருக்கு அங்கே என்ன சட்டம் என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. லாக் என்பது விரலைக் காப்பாற்றக் கண்டுபிடிக்கப்பட்ட விஷயம். அழுத்தி வெட்டும்போது அலகு திடீரென்று மடங்கினால் போவது நம் ஆள்காட்டி விரல். பாதுகாப்பான கத்திக்குத்தான் சட்டத்தில் கெட்ட பெயர். சட்டம் இயற்றியவர்கள் யோசித்தது விரலை அல்ல, குத்துவதை என்பது புரிகிறது. புரிந்தாலும், லாக் உள்ள என் நல்ல கத்திகள் எல்லாம் வெளிநாட்டுப் பயணத்தில் வீட்டோடு நிற்கின்றன என்பதில் மாற்றமில்லை.

ஆகவே என் தேர்வு கொஞ்சம் சலிப்பூட்டக்கூடியது: பூட்டிக்கொள்ளாத, இரண்டு கையாலும் திறக்க வேண்டிய, 7 சென்டிமீட்டருக்கு உள்ளே அடங்கும் அலகுள்ள, துருப்பிடிக்காத எஃகுக் கத்தி. கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு அது கருவி என்றுதான் தோன்ற வேண்டும், ஆயுதம் என்று தோன்றக் கூடாது. இந்த இலக்கணத்துக்கு மிக நெருக்கமாக வருவது, எல்லோரும் எதிர்பார்க்கும் அந்தச் சிவப்புப் பிடி சுவிஸ் கத்திதான்.

கார்ல் எல்செனர் சுவிட்சர்லாந்தின் இபாக் ஊரில் 1884-ல் பட்டறை போட்டு, 1891-ல் ராணுவத்துக்கு முதல் தொகுதிக் கத்திகளைக் கொடுத்தார். 1897-ல் அவர் பதிவு செய்த அதிகாரிகள் கத்திதான் இன்றைய சுவிஸ் கத்திகளுக்கு மூதாதை. அம்மா விக்டோரியாவின் பெயரும், துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் 'இனாக்ஸ்' என்ற சொல்லும் சேர்ந்து 1921-ல் நிறுவனத்தின் பெயர் விக்டோரினாக்ஸ் ஆயிற்று. இவர்களுடைய கத்திகளை மூடிய நீளத்தை வைத்துத்தான் வகைப்படுத்துவார்கள்: 58, 84, 91, 93, 111 மில்லிமீட்டர். பயணத்துக்கு இந்த எண்ணைக் கவனிப்பது, எத்தனை கருவிகள் இருக்கின்றன என்று எண்ணுவதைவிட முக்கியம்.

91 மில்லிமீட்டர் வரிசையில் ஸ்பார்டன், கிளைம்பர், ஹன்ட்ஸ்மன் எல்லாம் வருகின்றன. லாக் கிடையாது, நகத்தால் பள்ளத்தைப் பிடித்து இழுத்துத் திறக்க வேண்டும். ஸ்பார்டன் சுமார் 60 கிராம். கிளைம்பரில் கத்தரி சேர்கிறது, எனக்கு அந்தக் கத்தரி இல்லாமல் முடியாது. ஹன்ட்ஸ்மனில் ரம்பமும் வந்து எடை 100 கிராமை நெருங்கிவிடுகிறது. ஊர் சுற்றப் போகிறவர் ரம்பத்தை வைத்துக்கொண்டு எதை அறுக்கப் போகிறார் என்று தெரியவில்லை. அதிகம் பேசப்படாத 84 மில்லிமீட்டர் வரிசைதான் என் கண்ணுக்கு அளவானது. அதே முகம், கொஞ்சம் குட்டை, மெலிவு. பையில் இருப்பதே தெரியாது. 111 மில்லிமீட்டரில் மட்டும் ஜாக்கிரதை. பிடியில் அதே சிலுவை முத்திரை இருப்பதால் இதுவும் அதுதானே என்று எடுத்துப் போட்டுவிடுவோம். அந்த வரிசையில் லாக் உண்டு, சிலவற்றில் ஒரு கையால் திறக்கும் துளையும் உண்டு. மேலே சொன்ன பிரிட்டன், ஜெர்மனிச் சிக்கல் முழுவதும் அதோடு கூடவே வரும்.

58 மில்லிமீட்டர் கிளாசிக் எஸ்டி 20 கிராம் சொச்சம். 4 சென்டிமீட்டருக்கும் குறைந்த ஒரு அலகு, கத்தரி, அரம், சாமணம், பல்குத்தி. இதைக் கத்தி என்று ஒப்புக்கொள்ளாத நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். பயணத்தில் கத்திக்கு வரும் வேலைகளை நேர்மையாக நினைத்துப் பார்த்தால் பாக்கெட் பிரிப்பது, நூல் வெட்டுவது, விலைச்சீட்டின் பிளாஸ்டிக்கை அறுப்பது, நகம் ஒடிந்தால் தேய்ப்பது என்றுதான் ஓடும். அத்தனையும் இதில் முடியும். பழம் நறுக்குவதில் மட்டும் தோற்கும்: சாறு பிடிக்குள் இறங்கி, ஸ்பிரிங்குகளுக்கு நடுவே காய்ந்து, இரண்டு நாளில் திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

நறுக்குவதற்கு என்றே ஒரு கத்தி வேண்டும் என்பவர்களுக்கு ஒபினெல் நல்ல யோசனை. பிரான்சின் சவோயா மலைப்பகுதியில் ஜோசப் ஒபினெல் 1890-ல் தொடங்கியது. ஒரு மரப்பிடி, ஒரு அலகு, வேறு எதுவும் இல்லை. எண் 8 எல்லோருக்கும் பிடித்தது, 8.5 சென்டிமீட்டர் அலகு. ஆனால் 1955-ல் வந்த விரோபிளாக் என்ற சுழல் வளையம் அதைப் பூட்டுகிறது, ஆகவே பிரிட்டனில் நீளத்தாலும் பூட்டாலும் இரண்டு முறை தோற்கிறது. இங்கே பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது: எண் 6-லிருந்துதான் அந்த வளையம். எண் 5-க்கு வளையம் இல்லை, அலகு 6 சென்டிமீட்டர். மெல்லிய அலகு என்பதால் பழத்தில் எந்தச் சுவிஸ் கத்தியையும்விட அழகாக இறங்கும். ஒபினெல் வாங்கும்போது துருப்பிடிக்காத எஃகு அலகையே கேளுங்கள். கார்பன் எஃகு கூர் பிடிப்பதில் அபாரம்தான்; ஆனால் ஈரத்துணியோடு ஒரே பெட்டிக்குள் ஒரு நீண்ட பயணம் போதும், இறங்கும்போது செம்புள்ளிகள் வந்திருக்கும். மரப்பிடியும் ஈரம் குடித்து உப்பி, அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். காய வைத்தால் சரியாகிவிடும், பயப்பட வேண்டாம்.

பல கருவிகளை ஒன்றாக மடக்கி வைத்த மல்ட்டி-டூல்கள் பற்றி எனக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை. டிம் லெதர்மன் 1970-களில் ஐரோப்பாவில் பழைய காரோடு அலைந்தபோது, கத்தியோடு ஒரு இடுக்கியும் இருந்தால் என்ன என்று தோன்றித்தான் அந்தக் கருவியை உருவாக்கினார். 1983-ல் விற்பனைக்கு வந்தது. கார், சைக்கிள், படகு என்று இயந்திரத்தோடு போகிறவர்களுக்கு அது சரி. ஓட்டல் அறைக்குள் போகிறவருக்கு லெதர்மனின் வேவ் மாடலுடைய கால் கிலோ எடை அதிகம். போதாததற்கு அதன் வெளி அலகுகள் ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்பவை. இடுக்கி இருப்பதால் அதைக் கருவி என்று சொல்லித் தப்பலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. சட்டம் இடுக்கியைப் பார்க்காது, அலகைத்தான் பார்க்கும்.

அடுத்தது தொலைவது. செக்-இன் பெட்டி எத்தனை கைகள் மாறுகிறது என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். நண்பர் ஒருவருடைய பெட்டியைச் சோதனைக்காகத் திறந்திருக்கிறார்கள். துணிகள் ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தன, மேலே ஒரு அறிவிப்புச் சீட்டும் இருந்தது, கத்தியை மட்டும் காணவில்லை. எந்த இடத்தில் போயிற்று என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பூட்டிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். டி.எஸ்.ஏ. அங்கீகரித்த பூட்டுகளைத் திறக்கும் மாஸ்டர் சாவிகளின் படம் 2014-ல் ஒரு செய்தித்தாளில் வெளியாகி, அடுத்த ஆண்டே அவற்றை முப்பரிமாண அச்சில் எடுப்பதற்கான கோப்புகள் இணையத்தில் வந்துவிட்டன. நானும் அந்தப் பூட்டைத்தான் போடுகிறேன், ஜிப் தானாகத் திறந்துகொள்ளாமல் இருக்க.

இழப்பீடு உண்டே என்பீர்கள். மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி ஒரு பயணியின் மொத்த லக்கேஜுக்கும் உச்சவரம்பு 2024 டிசம்பர் இறுதியிலிருந்து 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு நாணயம்) என்பது உண்மை. சேதம் என்றால் பெட்டி கைக்கு வந்த 7 நாட்களுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். ஆனால் பெட்டி வந்துவிட்டது, உள்ளே ஒரு பொருளை மட்டும் காணோம் என்னும்போது, அது முதலில் உள்ளே இருந்தது என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். பெட்டியை மூடுமுன் ஒரு படம் எடுத்து வைப்பது உதவும். இருந்தாலும் தாத்தா கொடுத்த கத்தி, கைவினைஞர் ஒருவர் தனியாக அடித்துக் கொடுத்த கத்தி, இனி உற்பத்தியே இல்லாத மாடல் இவற்றுக்கெல்லாம் எந்த இழப்பீடும் ஈடாகாது. கடையில் மறுபடி அதே பெயர் சொல்லி வாங்க முடியாத கத்தியைப் பெட்டியில் போடாதீர்கள். பழைய கத்திகளில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது: பிடி தந்தமாகவோ ஆமையோடாகவோ இருந்தால், அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வரும். அது கத்தி என்பதை மறந்துவிட்டு வனவிலங்குப் பொருள் என்று பிடிப்பார்கள்.

இரண்டு மூன்று கத்திகள் கொண்டுபோகலாமே என்ற ஆசை எனக்கும் வரும். பகலுக்கு ஒன்று, மலையேற ஒன்று, சும்மா பார்த்து ரசிக்க ஒன்று. ஒரே பெட்டியில் ஐந்தாறு கத்திகள் இருந்தால் சுங்க அதிகாரி விற்பனைக்கா என்று கேட்பார், கேட்பதில் நியாயமும் இருக்கிறது. 84 மில்லிமீட்டர் ஒன்றும் ஒபினெல் எண் 5-ம் என்பதுதான் என் உச்சவரம்பு. அதிலும் ஒன்று பெரும்பாலும் பெட்டியை விட்டு வெளியே வருவதில்லை.

கிளம்புமுன் கத்தியைக் கழுவுங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து எல்லையில் உயிரிப் பாதுகாப்புச் சோதனை கெடுபிடியானது. ஆணி இருக்கும் இடுக்கில் ஒட்டிய மண்ணும் செடிச் சாறும் அவர்கள் கண்ணுக்குத் தப்பாது. சுடுநீரில் சோப்பு போட்டுத் திறந்து மூடித் திறந்து மூடி அலசி, நன்றாகக் காய வைத்து, கீலில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். கூர் தீட்டுவதையும் வீட்டிலேயே முடித்துவிடுங்கள். சாணைக்கல்லைப் பெட்டியில் சுமப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பயணம் போவது வேறு எதற்கோ.

பெட்டியில் வைப்பது எளிது. மடக்கி, ஒரு சிறு உறையிலோ தடித்த சாக்ஸிலோ போட்டு, துணிகளுக்கு நடுவில். சோதனைக்காகப் பெட்டிக்குள் கையை விடுபவரின் விரலில் குத்தக் கூடாது என்பதுதான் நோக்கம், ஒளித்து வைப்பது நோக்கமல்ல. எக்ஸ்ரேயில் எப்படியும் தெரியும். கத்தியோடு ஒரே பையில் லைட்டர், தீப்பெட்டி, டார்ச்சுக்கான உதிரி லித்தியம் பேட்டரி என்று 'அவசரத் தேவை' மூட்டை கட்டி வைத்திருப்பவர்கள் அதைப் பிரித்தாக வேண்டும். உதிரி லித்தியம் பேட்டரி செக்-இன் பெட்டிக்குள் போகவே கூடாது, கேபினில்தான் வர வேண்டும். தீப்பெட்டிக்கும் செக்-இன் பெட்டியில் இடமில்லை. கத்திக்கு எந்தத் தடையும் இல்லாமல், பக்கத்தில் கிடந்த பேட்டரிக்காகப் பெட்டி திறக்கப்படுவதுதான் அதிகம்.

நடுவில் விமானம் மாறுகிறீர்களா? பெட்டி நேராகக் கடைசி ஊருக்குப் போகிறது என்றால் கவலை இல்லை. நடு ஊரில் எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டுமென்றால், அந்த நாட்டுச் சுங்கத்தையும் தாண்டியாக வேண்டும். அங்குள்ள சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: கேபின் பை பெரிதாக இருக்கிறது, கேட்டில் வாங்கிக்கொள்வார்கள் என்று நம்பி அதில் கத்தியைப் போடாதீர்கள். கேட்டுக்கு வருமுன் அந்தப் பை செக்யூரிட்டியைத் தாண்ட வேண்டும்.

கேபின் பை மட்டும் என்று போகும் பயணங்களுக்கு ஒரு கத்திக்காகப் பெட்டி செக்-இன் செய்வது வீண் வேலை. அலகில்லாத கருவிகள் இருக்கின்றன. விக்டோரினாக்ஸின் ஜெட்செட்டர் அதே 58 மில்லிமீட்டர் உடம்பில் கத்தரியை வைத்துக்கொண்டு அலகை எடுத்துவிட்ட மாடல். 2001-க்குப் பிறகு விமான நிலையக் கடைகளில் தங்கள் விற்பனை ஒரேயடியாகச் சரிந்ததை அந்த நிறுவனம் மறக்கவில்லை. அலகில்லாத கருவிகளை உருவாக்கிக்கொண்டிருப்பதாக அதன் தலைவர் 2024-ல் சொன்னபோது கத்திப் பிரியர்கள் கொதித்துப் போனார்கள். எனக்கு அதில் கோபம் வரவில்லை. கத்தரி இல்லாமல் எனக்கு முடியாது என்று முன்னமே சொன்னேனே.

திரும்பி வரும் நாளில்தான் கத்திகள் அதிகம் பறிபோகின்றன. போகும்போது எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள். ஊரில் இருந்த நாட்களில் கத்தி பைக்குள், சாவிக்கொத்துக்குள், முதுகுப்பையின் சின்ன அறைக்குள் என்று குடியேறிவிடுகிறது. கடைசி நாள் காலையில் பெட்டியைப் பூட்டி அனுப்பிவிட்டு, செக்யூரிட்டி வரிசையில் தட்டில் சாவியைப் போடும்போதுதான் ஞாபகம் வரும். சில விமான நிலையங்களில் தபாலில் அனுப்பும் வசதி இருக்கிறது, பலவற்றில் கத்தியைப் போட்டுவிட்டுப் போக ஒரு கண்ணாடிப் பெட்டிதான் இருக்கிறது. முந்தைய இரவே கத்தியைக் கழுவி, துடைத்து, உறையில் போட்டு, பெட்டியின் நடுவில் வைத்துவிட்டுத்தான் நான் படுக்கப் போகிறேன். மறுநாள் காலையில் எதையாவது பிரிக்க வேண்டி வந்தால் பல்லால் பிரித்துக்கொள்ளலாம்.